வாயிலுக்கு வரும் வங்கி



என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும், தம் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார். தபாலாபீஸில் சொந்தப் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்க வேண்டும் என்னும் ஆவலே அதற்குக் காரணம். கைநாட்டு வைத்தாலும் கணக்குக் கொடுப்பார்கள். அவருக்குத்தான் அதில் மனம் ஒப்பவில்லை. அடுக்களைத் தரையில் கரித்துண்டால் எழுதி எழுதிப் பழகிய அப்பெயரை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, பாஸ்புத்தகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வீடு திரும்பியது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அந்தச் சிறு புத்தகத்தின் பூர்விகம் நெடியது. இங்கிலாந்தில் ஏழைகளுக்கென ஏற்பட்ட சேமிப்பு வங்கிகள் சிலவற்றில் மோசடிகள் நிகழ்ந்து, பாடுபட்டுச் சேர்த்த பணம் பறிபோயிற்று. 1861-இல், கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்த காலத்தில், தபால் சேமிப்பு வங்கி தோன்றியது. ஒரு ஷில்லிங் இருந்தாற் போதும், கணக்குத் தொடங்கலாம். செலுத்திய பணத்துக்கு அரசாங்கமே பொறுப்பு. 1882-இல் அம்முறை நம் நாட்டுத் தபாலாபீஸ்களுக்கும் வந்து சேர்ந்தது.

2018 செப்டம்பர் முதல் தேதியன்று இதன் பக்கத்திலேயே வேறொன்று முளைத்தது. அதுதான் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி. இரண்டும் ஒன்றே என்று படித்தவர்களும் மயங்குகிறார்கள், அது தவறு. இது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற தனிக் கம்பெனி. பங்குகள் முழுவதும் அரசாங்கத்துடையவை. பணம் வாங்கி வைக்கும், வேண்டிய இடத்துக்கு அனுப்பும். எவருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. ஒருவர் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருத்தலாகாது என்றிருந்த வரம்பு, 2021-இல் இரண்டு லட்சமாயிற்று. திரண்ட பணத்தில் பெரும்பங்கை அரசாங்கக் கடன் பத்திரங்களில் இட்டு வைக்க வேண்டும். கடன் கொடுக்காத வங்கிக்கு வாராக்கடன் ஏது? வருவாயும் குறைவுதான்; ஆகையால் வட்டியும் பழைய சேமிப்புக் கணக்கைவிடக் குறைவு. சேமிப்பதற்குப் பழையது, அனுப்பவும் பெறவும் புதியது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதன் அருமை, தபால்காரர் சிறு கருவியுடன் வீட்டுக்கே வருவதில் இருக்கிறது. முன்பு மணியார்டரில் அனுப்பிய மாதப் பணத்தை இப்போது நான் தாயாரின் புதிய கணக்கில் சேர்த்துவிடுகிறேன். முதல் மாதம் நானும் ஊரில் இருந்தேன். "விரலை வையுங்கள் அம்மா" என்றார் தபால்காரர். ரேகை பதியவில்லை. களை பறித்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல்கள்! வேறு விரல், பிறகு மறு கை. நாலாவது முயற்சியில் பதிந்தது.

எனக்கு ஓர் அச்சம் உண்டு. விரல் ரேகை, 'இவர் யார்' என்பதைச் சொல்லுமேயன்றி, 'எவ்வளவு பணம்' என்பதைச் சொல்லாது. எழுத்தறியாதவர் விரல் வைத்துவிட்டால், எத்தொகைக்கு இசைந்தார் என்பதைக் கருவிதான் அறியும். ஆகவே தொகையை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அதன் பின்னரே விரல் வைக்க வேண்டும். கைபேசியில் வரும் செய்தியைப் படித்துச் சொல்ல வீட்டில் நீங்கள் இருக்கிறீர்களே! எங்கள் தபால்காரர் நல்லவர். கேளாமலே உரக்கச் சொன்னார்.

நோட்டுகளை எண்ணி முடித்த தாயார், "கையெழுத்து?" என்றார். "இதற்குத் தேவையில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளேறிப் போனார். தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சுவரிலிருந்த நாட்காட்டியில் அன்றைய தேதியருகே தொகையை எழுதும்படி என்னைப் பணித்து, அதன் கீழே தம் பெயரை மெல்ல எழுதினார்.