கையடக்க நூலகமும் கைக்கெட்டாத எழுத்தும்

கல்முனைக்குடியின் கடற்கரைப் பக்கத்தில் வாழ்ந்த தமிழாசிரியர் ஒருவரிடம் மூன்று அலுமாரி நிறைய நூல்கள் இருந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை கடல் ஊருக்குள் வந்தபோது அலுமாரிகளும் போயின, நூல்களும் போயின. மனிதரை இழந்தோர் நிறைந்த ஊரில் புத்தகத்தை நினைந்து புலம்புவது முறையன்று என அவர் நெடுநாள் வாய் திறவாதிருந்தார்.

ஓய்வு பெற்றபின் அவர் கண் மங்கிற்று. சத்திரசிகிச்சை செய்தும் சிற்றெழுத்து தெரியவில்லை. அந்நாளில்தான் மின்னூல் வாசிப்பான் என்னும் கருவியைப் பற்றி அவர் கேள்வியுற்றார்.

நேயர்களுள் இக்கருவியைக் காணாதோரும் இருப்பர். தோற்றத்திலே அது பள்ளிப் பிள்ளைகளின் பழைய சிலேட்டை ஒத்தது. அதன் முகத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய குமிழ்கள் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொரு குமிழுள்ளும் கருந்துகளும் வெண்துகளும் உள்ளன. மின்னூட்டத்தால் கருந்துகள் மேலெழுந்த இடம் எழுத்தாகவும், வெண்துகள் எழுந்த இடம் கடுதாசியாகவும் தோன்றும். கைத்தொலைபேசியின் ஒளி கண்ணைக் குத்துவதுபோல இது குத்தாது. பக்கம் திருப்பும்போதே பெரும்பாலும் மின்சாரம் செலவாகும். 1997இல் அமெரிக்காவில் இம்மின்மைக்கென ஒரு நிறுவனம் தோன்றியது. 2007 நவம்பரில் அமேசன் நிறுவனத்தின் கின்டில் வெளிவந்தபின் இவ்வகைக் கருவிகள் உலகெங்கும் பரவின. எழுத்தை வேண்டுமளவு பெருப்பித்துக்கொள்ளலாம் என்பதே ஆசிரியரைக் கவர்ந்த செய்தி.

ஒரு மாத ஓய்வூதியத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து, கொழும்பு வியாபாரி ஒருவரிடம் அவர் ஒன்றைத் தருவித்தார். அது கின்டில் அன்று. வேறொரு நிறுவனத்தின் பழைய அமைப்பு. வாங்குமுன் தொலைபேசியில், “தமிழ் வாசிக்குமா?” என்று வினவினார். “எல்லா மொழியும் வாசிக்கும், சேர்” என்பதே மறுமொழி. அவ்வளவில் பேரம் முடிந்தது. எழுத்தில் எதுவும் இல்லை.

பெட்டியைப் பிரித்து, மகள் தமிழ் நூலொன்றை அதிலே ஏற்றிக் கொடுத்தாள். திரை விரிந்தது. ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்தின் முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. சில சொற்கள் வெறுங் கட்டங்களாயின. முப்பது ஆண்டுகள் பாலர்க்குக் கொம்பும் காலும் காட்டிக் கொடுத்தவர் அதனை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? கணினி தன் நினைவிலே மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் வைக்கிறது. திரையில் வரையும்போதே குறிகளை முன்னும் பின்னும் உரிய இடத்தில் அமைக்கவேண்டும். அந்த அறிவு அக்கருவிக்கு ஊட்டப்படவில்லை. கின்டிலிலேயே தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தது 2016ஆம் ஆண்டின் இறுதியிற்றான் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அவர் முற்றாக மனந் தளரவில்லை. 2005 முதல் ‘நூலகம்’ என்னும் வலைத்தளம் ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாக ஒளிவருடித் திரட்டி வருகிறது. கடல் கொண்டுபோன நூல்கள் பல அங்கே இருந்தன. நீலாவணனின் கவிதைகளை ஆவலோடு இறக்கிப் பார்த்தார். எழுத்து பிழையின்றித்தான் இருந்தது. ஆனால் எறும்பளவு இருந்தது. அது எழுத்தன்று, பக்கத்தின் படம். படத்தைப் பெருப்பித்தால் அடியின் தலை தெரியும்போது வால் தெரியாது. கவிதையை வெட்டி வெட்டிப் படிப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை.

“திருப்பி அனுப்பிவிடுங்கள், வாப்பா” என்றாள் மகள்.

வியாபாரியின் மறுமொழி சுருக்கமானது. கருவி இயங்குகிறது, பொருளில் பழுதில்லை, பெட்டியும் உடைக்கப்பட்டுவிட்டது. பெட்டியை உடையாமல் தமிழ் தெரிகிறதா என்று பார்ப்பது எங்ஙனம் என்பதை அவர் சொல்லவில்லை!

தொழுகையில் அடுத்த ஸஃப்பில் நிற்கும் மௌலவி ஒருவரிடம் ஆசிரியர் இதனைச் சொன்னார். மௌலவி கியார் என்னும் தெரிவுரிமையை எடுத்து விளக்கினார். ஷாஃபிஈ சட்டப்படி, விற்றவரும் வாங்கியவரும் இருந்த இடம் விட்டுப் பிரியுமட்டும் பேரத்தை முறித்துக்கொள்ளலாம். முன்னரே பேசிக்கொண்டால் மூன்று நாள் வரை தவணை உண்டு. மறைந்திருந்த பழுது பின்னர் வெளிப்படினும் திருப்பலாம். பழுது என்பது யாது? வணிகர் வழக்கில் எது பொருளின் விலையைக் குறைக்குமோ அதுவே பழுது.

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தமிழ் தெரியாத வாசிப்பானுக்குக் கொழும்பில் விலை குறையாது. கல்முனைக் கடைத்தெருவிலோ அதனை எவரும் சும்மா கொடுத்தாலும் வாங்கார். எந்தச் சந்தையின் வழக்கைக் கொள்வது? பிரிட்டிஷார் காலத்தில், 1896இல் இயற்றப்பட்ட பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இதற்கு ஒரு வழி சொல்கிறது. இன்ன தேவைக்கென்று வாங்குபவர் அறிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ஆசிரியர் அறிவித்தார். ஆனால் அறிவித்ததற்குத் தொலைபேசிக் கம்பிகூடச் சாட்சியில்லை.

இவ்விரண்டையும் எழுதி, அழகிய கையெழுத்தில் நான்கு பக்கக் கடிதமொன்றை அவர் அனுப்பினார். சட்டத்துக்கு அஞ்சியோ, கடிதத்துக்கு இரங்கியோ, வியாபாரி உடன்பட்டார். விலையில் காற்பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். அனுப்புகூலியும் ஆசிரியர் தலையிலேயே விழுந்தது.

திரும்பி வந்த காசில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அவர் கடைத்தெருவில் உள்ள போட்டோப்பிரதிக் கடைக்குப் போனார். நூலகத்திலிருந்து இறக்கிய பக்கங்களைப் பெரிய தாளில், ஒரு பக்கத்துக்கு ஒரு தாளாக அச்சிட்டுத் தரச் சொன்னார். சிறு கவிதைத் தொகுதி தலையணைப் பருமன் ஆயிற்று. அஸர் தொழுகைக்குப் பின் அதனை மடியில் வைத்துக்கொண்டு, திண்ணையில் வெளிச்சம் இருக்குமட்டும் அவர் படிக்கிறார்.