ஈரத்தில் வாடும் செடி

பால்கனித் தொட்டியில் மணி பிளான்ட் வாடி நிற்கிறது. உடனே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறோம். மறுநாள் இன்னும் வாடுகிறது. இன்னொரு சொம்பு. பாசத்தில்தான் செய்கிறோம், பாவம், செடி அதில்தான் சாகிறது.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றுதான் அதற்கு ஆதாரம். அங்கெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நின்றும் இலை தொங்குகிறது.

தண்ணீர் போதாத இலை ஓரம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். மிஞ்சினால் மஞ்சளாகித் துவண்டுவிடும். சந்தேகமா? சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று ஊற்ற வேண்டாம். தேங்காய் நார்த்தூள் கலந்த மண் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் நனைந்தே கிடக்கும், கண்ணை நம்பாதீர்கள்.

இன்னும் தேறவில்லையா? செடியை மெல்ல உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பேறி, இழுத்தால் தோல் கையோடு வரும். சாக்கடை வாடை அடிக்கும். அதை நறுக்கிவிட்டு, செம்மண்ணில் மணலும் மக்கிய உரமும் கலந்து மறுபடி நடுங்கள். அதற்கு முன் தொட்டியின் அடித்துளையை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். பல வீடுகளில் அது அடைத்துத்தான் கிடக்கிறது.