எபிசோட் 37: அஞ்சு பூவும் ரெண்டு மில்லிகிராமும்

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அவங்க அப்பாவுக்கு எட்டு வருஷமா சுகர். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வந்த ஒரு ஃபார்வர்டைப் பார்த்துட்டு, தினமும் காலையில அஞ்சு நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்க வெச்சுக் குடிக்கிறாராம். கூடவே மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திட்டாராம். ஃபார்வர்டு சொல்ற நியாயம் இதுதான்: இந்தச் செடியிலிருந்து கேன்சருக்கே மருந்து எடுக்கிறாங்க, சுகரெல்லாம் எம்மாத்திரம்?

"பொய்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். ஆனா தேடிப் பார்த்தா கேன்சர் மருந்து விஷயம் உண்மைன்னு வருது. இப்ப அப்பாகிட்ட என்ன சொல்றது?" இதுதான் அவங்க கேள்வி.

நான் கோடு எழுதுற ஆளு, டாக்டர் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா இந்தக் கேள்வி என்னைப் பிடிச்சுக்கிச்சு. முழுப் பொய்யை மறுக்கிறது சுலபம். பாதி உண்மையா இருக்கிற ஃபார்வர்டுதான் கஷ்டம். அதனால அந்த உண்மைப் பாதியிலிருந்தே ஆரம்பிப்போம்.

நித்தியகல்யாணியை நம்ம ஊர்ல சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க. தண்ணி ஊத்தலைன்னாலும் வருஷம் முழுக்கப் பூக்கும். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அலங்காரச் செடியா கப்பலேறி உலகத்தோட வெப்பமான ஊருக்கெல்லாம் போயிடுச்சு. போன இடத்துலயெல்லாம் அதை ஏதாவது நோய்க்கு நாட்டு மருந்தா பயன்படுத்தியிருக்காங்க. ஜமைக்காவுல அது சுகருக்கான கஷாயம். ஆமா, உங்க அப்பா குடிக்கிற அதே நோய்க்குத்தான்.

1952-ல ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர் இந்தச் செடியோட இலைகளைக் கவர்ல போட்டு கனடாவுக்கு அனுப்பினார். யாருக்குன்னா, கிளார்க் நோபிளுக்கு. இன்சுலினைக் கண்டுபிடிச்ச பான்டிங்குக்கு முதல் உதவியாளரா யார் போறதுன்னு சார்லஸ் பெஸ்ட்டும் இந்த கிளார்க் நோபிளும் காசு சுண்டிப் பார்த்தாங்க, நோபிள் தோத்துட்டார்னு சொல்வாங்க. பெஸ்ட் பேர் சரித்திரத்துல நின்னுது. நோபிள் கவரைத் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பி வெச்சார். ராபர்ட், கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல, வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியாளர்.

ராபர்ட் அந்தச் சாறை எலிகளுக்கு வாய் வழியா கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரையில மாற்றமே இல்ல. ஊசி வழியா போட்டுப் பார்த்தார். சர்க்கரை அப்பவும் அப்படியே இருந்தது, ஆனா எலிகள் கிருமித் தொற்று வந்து செத்துப்போச்சு. ஏன்னு பார்த்தா, ரத்தத்துல வெள்ளை அணுக்கள் சரிஞ்சிருந்தது. எலும்பு மஜ்ஜையே அடங்கிப் போயிருந்தது.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெஸ்ட் ஃபெயில்னு டிக்கெட்டை மூடிட்டுப் போகாம, லாக்கைத் திறந்து படிச்சிருக்கார். வெள்ளை அணுக்களை இப்படிக் குறைக்கிற ஒண்ணு, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காம பெருகுற நோய்ல, அதாவது ரத்தப் புற்றுநோய்ல, என்ன செய்யும்? வேதியியலாளர் சார்லஸ் பீர் கூடச் சேர்ந்து அந்தச் சரக்கைத் தனியா பிரிச்செடுத்து 1958-ல வெளியிட்டாங்க. அதுதான் வின்பிளாஸ்டின். அதே சமயத்துல அமெரிக்காவுல எலி லில்லி கம்பெனியும் இதே செடியில வேலை பார்த்துக்கிட்டிருந்தது. அங்கிருந்து வந்த தம்பி மருந்து வின்கிரிஸ்டின். 1963-ல அதுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. குழந்தைகளுக்கு வர்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு மத்த மருந்துகளோட சேர்த்து இன்னைக்கும் கொடுக்கிற மருந்து அது. ஒரு காலத்துல அந்த நோய் வந்தா பிள்ளை கையை விட்டுப் போச்சுன்னுதான் அர்த்தம். இன்னைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிற நாடுகள்ல பத்துல ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறாங்க.

ஆக, செடி உண்மை, மருந்தும் உண்மை. ஃபார்வர்டு விட்டுட்டது அளவை.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேணும். வின்கிரிஸ்டினுக்கு இன்னும் மோசம், ஒரு கிராமுக்கு 2000 கிலோ. அதாவது ஒரு கிலோ காய்ந்த இலையில அரை மில்லிகிராம். பெரியவங்களுக்கு வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்குப் பொதுவா அதிகபட்சம் 2 மில்லிகிராம். கணக்குப் போட்டா ஒரு ஊசிக்கு நாலு கிலோ காய்ந்த இலை. அதுவும் நஷ்டமில்லாம பிரிச்செடுத்தா. உங்க அப்பா போடறது அஞ்சு பூ. அதோட இந்த மருந்துகள் வாய் வழியா போனா உடம்புல ஒழுங்கா சேராது. அதனாலதான் நரம்பு வழியா, சிரைக்குள்ள ஏத்துறாங்க.

இன்னொரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. இந்த அண்ணன் தம்பி ரெண்டு மருந்துக்கும் வித்தியாசம் மூலக்கூறுல ஒரே ஒரு மூலையில. ஒண்ணுல மீத்தைல் தொகுதி, இன்னொண்ணுல அதே இடத்துல ஃபார்மைல் தொகுதி. அந்தச் சின்ன மாற்றத்துக்கே வின்பிளாஸ்டின் முக்கியமா எலும்பு மஜ்ஜையை அடிக்குது, வின்கிரிஸ்டின் நரம்புகளை அடிக்குது. செல் ரெண்டா பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்க நூல் மாதிரி நுண்குழல்கள் உருவாகும். அதோட செங்கற்களை ஒண்ணு சேர விடாம தடுக்கிறதுதான் ரெண்டு மருந்தோட வேலையும். ஆனா முதுகிலிருந்து கால் விரல் வரைக்கும் நீளமா ஓடுற நரம்பு செல்லுக்குள்ள சரக்கு போற ரோடும் இதே குழல்தான். அதனாலதான் வின்கிரிஸ்டின் எடுக்கிறவங்களுக்குக் கால் மரத்துப்போகும், கடுமையா மலச்சிக்கல் வரும். தப்பித்தவறி முதுகுத் தண்டுவட நீருக்குள்ள போயிட்டா உயிரே போயிடும். அப்படி நடந்தும் இருக்கு. இதை சிரிஞ்சுல வைக்காதீங்க, சின்ன பையில கலந்து சிரை வழியா சொட்டுச் சொட்டா ஏத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல எச்சரிக்கை விட்டது அதனாலதான். இயற்கையில இருந்து வந்ததுக்குப் பக்க விளைவு கிடையாதுன்னு யாராவது சொன்னா, இந்த மருந்தைக் காட்டுங்க.

சரி, அஞ்சு பூவுல மருந்தே இல்லைன்னா கெடுதலும் இல்லையே, குடிச்சுட்டுப் போகட்டுமேன்னு கேட்கலாம். அதுதான் இல்ல. இந்தச் செடியில நூத்துக்கு மேல ஆல்கலாய்டுகள் இருக்கு. எந்தச் செடியில எது எவ்வளவு, வேர்ல எவ்வளவு, இலையில எவ்வளவு, வெயில் காலத்துல எவ்வளவுங்கிறதெல்லாம் மாறும். இன்னைக்கு அஞ்சு பூ, பலன் தெரியலைன்னா நாளைக்கு ஒரு கைப்பிடி இலை, அப்புறம் வேர். இப்படித்தான் ஏறும். புற்றுநோய்க்காக இந்தச் செடியைக் காய்ச்சிக் குடிச்சு எலும்பு மஜ்ஜை கடுமையா பாதிக்கப்பட்ட நோயாளியைப் பத்தி தைவான் டாக்டர்கள் 2004-ல மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்க. கஷாயத்துல அளவுன்னு ஒண்ணு கிடையாது. அங்கதான் ஆபத்து.

இடையில ஒரு கிளைக்கதை. நாலு கிலோ இலைக்கு ஒரு ஊசிங்கிற இந்தக் கணக்கு, மருந்து செய்றவங்களுக்கும் தலைவலிதான். நம்ம தென் மாவட்டங்கள்லயும் மானாவாரியா இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் வாங்கிட்டுப் போறாங்க. ஆனா செடியை மட்டும் நம்பியிருந்தா எவ்வளவு நாளைக்கு? 2022-ல ஜே கீஸ்லிங் குழு ஈஸ்ட்டோட மரபணுவுல 56 மாற்றங்கள் செஞ்சு, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய ரெண்டு பாதிகளையும் ஈஸ்ட்டையே தயாரிக்க வெச்சாங்க. அப்புறம் வேதியியல் முறையில அந்த ரெண்டையும் ஒட்டினாங்க. செடி முப்பது படிகள்ல செய்ற வேலையை ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற மாதிரியான உயிரியைச் செய்ய வெச்சிருக்காங்க. அதைப் பத்தித் தனி எபிசோடே பண்ணலாம்.

இப்ப அப்பா விஷயத்துக்கு வர்றேன். அவர் நிறுத்தி வெச்சிருக்காரே மெட்ஃபார்மின், அதுவும் ஒரு செடியோட வாரிசுதான். ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு ஊதாப் பூச்செடி. பழைய காலத்துல அங்க அதை நாட்டு மருந்தா கொடுத்திருக்காங்க. அதுல இருக்கிற கலேகைன்ங்கிற சரக்கு சர்க்கரையைக் குறைக்கும். ஆனா அது விஷம், அந்தச் செடியை மேஞ்ச ஆடுகள் செத்திருக்கு. அதோட வேதியியல் குடும்பத்துல விஷம் குறைஞ்ச ஒண்ணைத் தேடிக்கிட்டே போன வழியிலதான் மெட்ஃபார்மின் வந்தது. ஆய்வகத்துல 1922-லயே செஞ்சுட்டாங்க. ஜீன் ஸ்டெர்ன்ங்கிற பிரெஞ்சு டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்து 1957-ல வெளியிட்டார். அதுக்கப்புறம் எத்தனையோ லட்சம் பேருக்குக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு, சிறுநீரகம் பழுதானவங்களுக்கு எப்ப நிறுத்தணும்ங்கிறது வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க.

அதனால அப்பாகிட்ட "மூலிகையெல்லாம் சும்மா"ன்னு சண்டைக்குப் போகாதீங்க. அது உண்மையும் இல்ல, அவர் கேட்கவும் மாட்டார். "அப்பா, நீங்க நிறுத்தின மாத்திரையும் பூச்செடி வம்சம்தான், ஆனா அளந்து வெச்ச பூச்செடி"ன்னு சொல்லிப் பாருங்க. எங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இந்த மாதிரிப் பேச்சு கொஞ்சம் எடுபடும்.

இந்த வாரமே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாத்திரை எத்தனை நாளா நின்னுருக்கு, கஷாயம் எவ்வளவு குடிக்கிறார்ங்கிறதை அப்படியே சொல்லுங்க. நிறைய பேர் டாக்டர் திட்டுவார்னு இதை மறைப்பாங்க. மறைச்சா அவர் தப்பான கணக்குல மருந்து எழுதுவார். மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, எடுத்துடுங்க. வெறும் வயித்து ரீடிங்கை மட்டும் வெச்சு கஷாயம் வேலை செய்யுதுன்னு முடிவு பண்ண வேண்டாம். பெரும்பாலும் அந்த ரீடிங்தான் அடுத்த ஃபார்வர்டா மாறுது.

செடியைப் பிடுங்கிப் போடவெல்லாம் வேண்டாம், வாசல்ல பூத்துட்டுப் போகட்டும். சின்னப் பிள்ளைங்களும் ஆடு மாடும் வாயில வைக்காம பார்த்துக்கோங்க.

ரிப்போர்ட் வந்ததும் என்ன ஆச்சுன்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. மத்தவங்களும் உங்க குடும்ப குரூப்ல சுத்துற மூலிகை ஃபார்வர்டுகளை அனுப்புங்க. ஏற்கெனவே 11 வந்திருக்கு, அதுல நாலு நிலவேம்பு. அடுத்த எபிசோட்ல அதை எடுத்துக்கறேன்.