நிதானமான கனடியப் பங்கு நிதி: வாங்கும் முன் எடைபோடுவது எப்படி?

(டொரண்டோவில் நடைபெற்ற குடும்பப் பொருளாதார அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லுஹர் தொழுகைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நடுவே அரை மணி நேரம் தந்திருக்கிறார்கள். பசித்திருப்பவர்களிடம் கணக்குப் பேசுவது கடினம். ஆகவே முன்னுரையைச் சுருக்கிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஜமாஅத்தில் சேமிப்பு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. வட்டிக்குப் பயந்து பணம் முழுவதையும் செக்கிங் கணக்கிலேயே போட்டு வைத்திருப்பவர்கள் ஒரு வகை. ஊரில் காணி, வீட்டுமனை, நகை என்று வாங்கிவிட்டு இங்கே கையில் ஒன்றும் இல்லாதவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையினர், வங்கிக் கிளையில் ஒருவர் சிரித்த முகத்தோடு நீட்டிய தாளில் கையெழுத்திட்டு மியூச்சுவல் ஃபண்ட் வாங்கியவர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், "கனடியன் ஈக்விட்டி என்று சொன்னார்கள், பயமில்லாதது என்றும் சொன்னார்கள்" என்பார்கள். இன்றைய பேச்சு அந்தப் "பயமில்லாதது" என்ற சொல்லைப் பற்றித்தான்.

முதல் வகையினருக்கு ஒரு வார்த்தை. 2022இல் கனடாவின் விலைவாசி சராசரியாக 6.8 விழுக்காடு ஏறியது. அந்த ஒரு வருடத்தில் கணக்கில் சும்மா கிடந்த 10,000 டாலரின் வாங்கும் சக்தியில் 600 டாலருக்கு மேல் கரைந்துபோனது. யாரும் திருடவில்லை, தாளில் அதே எண்தான் இருந்தது. நபி யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கெடாத முறையில் சேமிக்கச் சொன்ன வரலாறு நமக்குத் தெரியும். சேமித்தால் மட்டும் போதாது, சேமித்தது கெடாமல் இருக்கவும் வேண்டும்.

சரி, எங்கே வைப்பது? மற்ற சமூகத்தவருக்கு இது எளிது. பணத்தில் பாதியைப் பத்திரங்களிலும் ஜி.ஐ.சி. வைப்பிலும் வைத்து, மறுபாதியைப் பங்குகளில் போடுவார்கள். பங்கு விழும்போது பத்திரம் தாங்கிப் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஜி.ஐ.சி.யும் பத்திரமும் வட்டி என்பதால் நமக்கு அந்தக் கதவு கிடையாது. பங்கு என்பது ஒரு தொழிலில் கூட்டு. இலாபத்திலும் நட்டத்திலும் பங்குண்டு என்பதால் நிபந்தனைகளோடு ஆலிம்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே மற்றவர்கள் பத்திரத்தில் தேடும் பாதுகாப்பை நாம் பங்குகளுக்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது. "கன்சர்வேட்டிவ்" கனடியப் பங்கு நிதி என்றதும் நம் காது நிமிர்வது இதனால்தான்.

விற்பவர் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறார் என்பதை முதலில் பாருங்கள். ஃபண்ட் ஃபாக்ட்ஸ் என்று நாலு பக்கத்துக்குள் ஒரு தாள் உண்டு. மியூச்சுவல் ஃபண்ட் வாங்குவதற்கு முன்பே அதை உங்கள் கையில் தர வேண்டும் என்பது 2016இலிருந்து சட்டம். அதில் ஆபத்தின் அளவை "குறைவு" முதல் "அதிகம்" வரை ஐந்து படிகளில் குறித்திருப்பார்கள். அந்தப் படி கடந்த பத்து ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் போடப்படுகிறது. பத்து ஆண்டுகள் என்றால் 2008 அதற்குள் வராது. அமைதியான பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எந்த நிதியும் சாதுவாகத்தான் தெரியும்.

2008இல் டொரண்டோ சந்தையின் கூட்டுக் குறியீடு, ஈவுத்தொகையையும் சேர்த்தே, 33 விழுக்காடு விழுந்தது. அந்த வருடம் ஜூனில் 15,000ஐத் தொட்ட குறியீடு, 2009 மார்ச்சில் 7,600க்கும் கீழே கிடந்தது. மறுபடி பழைய எண்ணை எட்ட 2014 ஆயிற்று. 2008இல் ஓய்வு பெற்று, மாதாமாதம் பணம் எடுக்கத் தொடங்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதனால், உங்களிடம் காட்டப்படும் நிதி 2008க்கு முன்பே இருந்ததென்றால், அந்த வருடம் எவ்வளவு விழுந்தது என்று கேளுங்கள். 2020 பிப்ரவரி, மார்ச்சிலும் 2022இலும் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். 33 விழுக்காடு விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர ஏறக்குறைய 50 விழுக்காடு ஏற வேண்டும். 25 விழுக்காடு மட்டும் விழுந்தது 33 விழுக்காடு ஏறினாலே போதும். விழும்போது குறைவாக விழுவதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட நிதி 2009 போன்ற வருடத்தில், சந்தை 35 விழுக்காடு துள்ளியபோது, பின்தங்கியிருக்கலாம். அதைக் குறையாக எண்ணாதீர்கள். ஒரு வீழ்ச்சியும் அதற்குப் பின் வந்த ஏற்றமும் சேர்ந்த முழுச் சுற்றை எடுத்துப் பாருங்கள். மூன்று வருட நட்சத்திரக் குறிகளை நான் பொருட்படுத்துவதே இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. கனடியப் பங்கு என்ற வகையில் வர, பங்குகளில் 90 விழுக்காடாவது கனடிய நிறுவனங்களாக இருக்க வேண்டும். "கனடியன் ஃபோகஸ்ட்" என்ற பக்கத்து வகையில் பாதிக்கு மேல் இருந்தாலே போதும், மீதியில் அமெரிக்கப் பங்குகள் இருக்கலாம். அமெரிக்கச் சந்தை நன்றாக ஓடிய ஆண்டுகளில் இந்த இரண்டாம் வகை, கனடியக் குறியீட்டை "வென்றுவிட்டோம்" என்று விளம்பரம் செய்யும். ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் சைக்கிளில் வந்த கதைதான்.

அடுத்தது செலவு. எம்.இ.ஆர். என்று ஒரு விழுக்காடு போட்டிருக்கும். ஆலோசகர் மூலம் விற்கப்படும் கனடியப் பங்கு நிதிகளில் அது 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், சிலவற்றில் அதையும் தாண்டும். அதில் ஏறக்குறைய 1 விழுக்காடு, விற்ற நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் போகும் தரகு. சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். 10,000 டாலரை 25 வருடம் போட்டு வைக்கிறீர்கள், செலவுக்கு முன் ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2 விழுக்காடு செலவென்றால் கையில் வருவது சுமார் 33,900 டாலர். 1 விழுக்காடு என்றால் சுமார் 42,900. போட்ட முதலுக்கு ஏறக்குறைய நிகரான தொகை, இடையில் உள்ள அந்த ஒரு விழுக்காட்டில் போய்விடுகிறது. சந்தை எப்படி நடக்கும் என்பது நம் கையில் இல்லை. செலவு ஒன்றுதான் வாங்கும்போதே நமக்குத் தெரிந்த எண்.

முன்பெல்லாம் ஐந்தாறு வருடத்துக்குள் பணத்தை எடுத்தால் அபராதம் பிடிக்கும் முறை இருந்தது. 2022 ஜூன் 1இலிருந்து புதிதாக அப்படி விற்கத் தடை. 2026ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, நிதிக்குள்ளேயே கழிக்கப்படும் செலவையும் உங்கள் வருடாந்திர அறிக்கையில் டாலரில் காட்ட வேண்டும் என்பது புதிய விதி. அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

இப்போது நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன்.

எந்த நிதானமான கனடியப் பங்கு நிதியின் ஃபண்ட் ஃபாக்ட்ஸையும் திறந்து, முதல் பத்துப் பங்குகளைப் படியுங்கள். ராயல் பேங்க், டி.டி., பேங்க் ஆஃப் மாண்ட்ரியல், ஸ்கோஷியா, மனுலைஃப், சன் லைஃப் ஆகிய பெயர்களில் நாலைந்தாவது அதில் இருக்கும். டொரண்டோ குறியீட்டிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, காப்பீடு போன்ற நிதித் துறை. வங்கிகள் தவறாமல் ஈவுத்தொகை தருவதால், நிதானத்தைத் தேடும் மேலாளர் அவற்றைக் கூடுதலாகவே வாங்குவார். வட்டிக்குப் பயந்து செக்கிங் கணக்கை விட்டு வந்தவர், வட்டித் தொழிலிலேயே கூட்டாளியாகிவிடுகிறார். இதை அறிந்து விட்டவரைக் காட்டிலும், அறியாமலே பல வருடம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

வங்கிகளை மட்டும் நீக்கினால் தீருமா? பரவலாகப் பின்பற்றப்படும் ஷரீஆ அளவுகோலில் தொழிலைப் பார்ப்பதோடு கடனையும் பார்க்கிறார்கள். வட்டிக் கடன் நிறுவன மதிப்பில் 30 அல்லது 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகாத வருமானம் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அதையும் கணக்கிட்டுத் தர்மமாக வெளியேற்ற வேண்டும். நிதானமான மேலாளர்கள் வங்கிக்கு அடுத்து விரும்புபவை எண்ணெய்க் குழாய்வழி, தொலைபேசி, மின்சார நிறுவனங்கள். இவற்றில் பல பெருங்கடனில் நடப்பவை, கடன் சோதனையில் நிற்காதவை. எல்லாவற்றையும் சலித்தபின் கனடாவில் மிஞ்சுவது ரயில், தங்கச் சுரங்கம், சில எண்ணெய் நிறுவனங்கள், தொழில்நுட்பம், சில்லறை வணிகம். இவை ஹலாலாக இருக்கலாம், சாதுவானவை அல்ல.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஹலால் நிதி" என்றாலே பத்திரமானது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் நார்டெல் என்ற ஒரே நிறுவனம் டொரண்டோ குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. அது வங்கி அல்ல, தொலைத்தொடர்புக் கருவிகள் செய்த நிறுவனம். 124 டாலரைத் தொட்ட பங்கு இரண்டே வருடத்தில் ஒரு டாலருக்கும் கீழே வந்தது. 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. தொழில் வட்டி சார்ந்ததா என்பது ஒரு கேள்வி, பணம் மிஞ்சுமா என்பது வேறு கேள்வி. முதலாவதை ஆலிமிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு மேலே சொன்ன அதே அளவுகோல்களை ஹலால் நிதிக்கும் வையுங்கள். எவ்வளவு விழுந்தது, ஒரே துறையில் எவ்வளவு குவிந்திருக்கிறது, செலவு எவ்வளவு என்று பாருங்கள். ஹலால் முத்திரைக்காக 2.5 விழுக்காடு எம்.இ.ஆர். கேட்டால், "எதற்கு?" என்று கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

கனடாவில் வாங்கக்கூடிய ஷரீஆ நிதிகள் சில உண்டு. குளோபல் ஈமான் ஃபண்ட் ஒன்று. வெல்த்சிம்பிள் நிறுவனம் 2021இல் தொடங்கிய ஷரீஆ உலகப் பங்கு நிதி இன்னொன்று, ஏற்ற இறக்கம் குறைந்த பங்குகளைத் தேடும் குறியீட்டைப் பின்பற்றுமாறு அது அமைக்கப்பட்டது. பெயர் சொன்னதால் பரிந்துரைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தகையவை பெரும்பாலும் உலகப் பங்குகள், அதிலும் அமெரிக்கப் பங்குகளே கூடுதல். நாம் முதுமையில் ரொட்டியும் மருந்தும் வாங்கப்போவது கனடிய டாலரில் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆக, பங்குக்குள் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறைவு. மீதிப் பாதுகாப்பை நாம்தான் வெளியே கட்டிக்கொள்ள வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு சந்தைக்கு வெளியே இருக்கட்டும், விலைவாசி அரித்தாலும் பரவாயில்லை. ஐந்து வருடத்துக்குள் ஹஜ்ஜுக்கோ மகள் கல்யாணத்துக்கோ வேண்டிய பணம் எந்தப் பங்கு நிதிக்குள்ளும் போக வேண்டாம். ஓய்வுக்கு இன்னும் 15, 20 வருடம் இருப்பவர் மாதம் 200 டாலர் என்று போட்டு வந்தால், விலை விழுந்த மாதங்களில் அதே பணத்துக்குக் கூடுதல் யூனிட்டுகள் கிடைக்கும். ஓய்வு நெருங்க நெருங்க, இரண்டு மூன்று வருடச் செலவுக்கான பணத்தைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 2008இல் அடிபட்டவர்களில் பலர் தவறான நிதியை வாங்கியவர்கள் அல்லர், 2009 மார்ச் மாதத்தில் விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள்.

எந்தக் கணக்கில் வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.எஃப்.எஸ்.ஏ. கணக்கில் வளர்ச்சிக்கு வரி இல்லை. 2009இலிருந்தே தகுதி உள்ளவருக்கு 2025 வரை மொத்த இடம் 102,000 டாலர். பிறகு வந்தவர்களுக்கு அவர்கள் கனடாவில் வசித்த ஆண்டுகளுக்கு மட்டுமே இடம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணைப் போட்டு அபராதம் கட்டியவர்கள் உண்டு, வருமான வரித்துறைக் கணக்கில் சரிபாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கான ஆர்.இ.எஸ்.பி.யில் வருடம் 2,500 டாலர் போட்டால் அரசு 500 டாலர் சேர்க்கிறது.

கடைசியாக ஒன்று. தொழுகை முடிந்து வாசலில் தோளில் கை போட்டு, "ஹலால் முதலீடு, மாதம் இத்தனை விழுக்காடு நிச்சயம்" என்று சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நிச்சயம் என்ற சொல்லிலேயே நில்லுங்கள். முன்கூட்டியே உறுதிசெய்த இலாபம் வியாபாரக் கூட்டில் கிடையாது, அது வட்டி அல்லது மோசடி. அவர் பதிவு பெற்றவரா என்பதை மாகாணப் பங்குச் சந்தை ஆணையங்களின் பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் விற்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் வங்கி வைப்புக்கு உள்ள 100,000 டாலர் காப்புறுதி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த நிதிகளுக்கு ஜகாத் எப்படி என்று இரண்டு சகோதரிகள் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். யூனிட்டின் முழு மதிப்புக்கும் 2.5 விழுக்காடு என்றும், நிறுவனங்களின் கையிருப்புப் பணம், சரக்கு போன்ற பகுதிக்கு மட்டும் என்றும் ஆலிம்களிடையே கருத்துகள் உண்டு. இமாம் அவர்களே இங்கு அமர்ந்திருப்பதால் அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஃபண்ட் ஃபாக்ட்ஸ் தாளைக் கொண்டுவந்திருப்பவர்கள் சாப்பிட்ட பிறகு ஓரமாக உள்ள மேசைக்கு வாருங்கள், முதல் பத்துப் பங்குகளையும் எம்.இ.ஆர். எண்ணையும் சேர்ந்தே படிப்போம்.