ஸ்பேனரும் வேண்டும், கணக்குப் புத்தகமும் வேண்டும்



பேராக் தோட்டங்களில் நம் பெரியவர்கள் பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர்கள். இன்று உங்கள் வீட்டுப் பின்புறம் பழைய சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். உடைந்த இரண்டைக் கழற்றினால் ஓடுகிற ஒன்று கிடைக்கும். அதற்குத்தான் நமக்கொரு பொதுப் பட்டறை வேண்டும்.

1991இல் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. பெண்கள் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஆகவே எந்தச் சைக்கிளையும் ஒதுக்காதீர்கள்.

வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதல் நாளே ஒரு கணக்குப் புத்தகம் வாங்குங்கள். கொடுத்தவர் பெயர், தேதி, கையொப்பம், பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண், எல்லாவற்றையும் எழுதுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்படி குற்றம். தப்பே செய்யாத பையனையும் வழியில் நிறுத்தி, "இது யாருடையது?" என்று கேட்கலாம். "யாரோ கொடுத்தார்" என்ற பதில் போதாது. புத்தகத்தின் நகல் ஒன்று அவன் பையில் இருக்கட்டும்.

பிரேக்கும் செயினும் சோதித்த பிறகே சைக்கிள் பட்டறையை விட்டுப் போகட்டும்.

இலவசச் சைக்கிள்தான். ஆனாலும் நம் பிள்ளை தலை நிமிர்ந்து ஓட்ட வேண்டும்.