வேற்காட்டு மரத்தின் புதுப் பெயர்



பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருவேற்காடு. அங்கே போகிற நம்மில் பலர் கருமாரியம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதே ஊரில் வேதபுரீஸ்வரர் கோயிலும் இருக்கிறது. அதன் தல விருட்சம் வெள்வேலம். நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று வழிபட்டதாகத் தலபுராணம். வேல்காடுதான் வேற்காடு.

வெள்வேலக் கிளை ஒன்றை எடுத்துப் பாருங்கள். இலை புறப்படும் கணுவில் ஜோடி ஜோடியாக நேரான முள். பூ, சின்னஞ்சிறு பஞ்சுருண்டை. கருவேலத்திலும் இதே ஜோடி முள், இதே உருண்டைப் பூ. நிறம் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். சீயக்காய்க் கொடியின் முள்ளோ கொக்கிபோல வளைந்திருக்கும். சேலையைப் பிடித்தால் விடாது. சாலையோரம் நட்ட ஆஸ்திரேலியக் கத்திக்கருவேலில் முள்ளே கிடையாது. அதில் இலை என்று நாம் நினைப்பது தட்டையாகிப்போன இலைக்காம்பு.

இவை அத்தனையும் நெடுங்காலம் 'அக்கேசியா' என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. முள் காட்டிய வேற்றுமையை மரபணுவும் காட்டியது. ஆஸ்திரேலிய மரங்களுக்கு நம் வேலத்தைவிடத் தூங்குமூஞ்சி மரம்தான் நெருங்கிய சொந்தம்! குடும்பத்தைப் பிரித்தே ஆகவேண்டும். சரி, பழைய பெயர் யாருக்கு?

விதிப்படி, பேரினத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரி இனம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக்கு. அந்த மாதிரி, கருவேலம். ஆனால் ஆஸ்திரேலியாவில் சுமார் 1,000 இனங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டிவரும் என்பதால், மாதிரியையே மாற்றும்படி அந்நாட்டுத் தாவரவியலாளர்கள் கேட்டார்கள். 2005-இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இதை எதிர்த்தார்கள். தள்ளுபடி செய்ய 60 சதவீதம் தேவை என்றிருந்ததால் கோரிக்கை நிலைத்தது. 2011-இல் மெல்போர்னிலும் அதுவே உறுதியானது. எனக்கு இது இன்றும் நியாயமாகப் படவில்லை.

வேலங்களுக்குக் கிடைத்த பெயர் 'வச்செல்லியா'. அதில் ஓர் ஆறுதல் உண்டு. மதராஸில் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834-இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில், கஸ்தூரிவேலுக்காக வைத்த பெயர் அது. வேறெங்கோ பிறந்த பெயரல்ல, நம் மண்ணின் செடிகொடிகளைப் பற்றிய புத்தகத்தில் பிறந்தது.

வெள்வேலம் இப்போது 'வச்செல்லியா லூக்கோஃபிளோயா'. முன்பாதிதான் மாறியது. தாவரவியலாளர் ராக்ஸ்பரோ வைத்த பின்பாதி அப்படியே இருக்கிறது. கிரேக்கத்தில் வெண்பட்டை என்று பொருள். நம் ஊரார் 'வெள்வேல்' என்றபோது பார்த்ததும் அந்தப் பட்டையைத்தான்.