ஜோம்சோமில் ஒரு நாள் தங்கல்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



முக்திநாத் யாத்திரைக்கு நம்ம கூட்டமைப்புல நிறைய பேர் பேர் கொடுத்திருக்கீங்க. திருமழிசை ஆழ்வார் பிறந்த மண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற நமக்கு அந்த ஆசை இல்லாம இருக்குமா? ஆனா போன கூட்டத்துல ஒரு பேச்சு வந்தது. "ஜோம்சோம்ல ஒரு நாள் சும்மா தங்கறதுக்கு எதுக்கு ரூம் வாடகை? அதை எடுத்துட்டா தலைக்குக் கொஞ்சம் மிச்சமாகும்"னு. போன வருஷம் போயிட்டு வந்தவள் நான். தயவுசெய்து அந்த நாளை எடுக்காதீங்க.

ஆவடி, பூந்தமல்லி எல்லாம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலதான். நம்ம ஊட்டி 2,240 மீட்டர். ஜோம்சோம் சுமார் 2,700. முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல. அங்கே காத்து மெலிசு. இங்கே ஒரு மூச்சுல கிடைக்கிற பிராணவாயுவுல மூணுல ரெண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். ஜீப் சில மணி நேரத்துல மேலே கொண்டு போய் விட்டுடும். உடம்பு அவ்வளவு வேகமா பழகாது.

முக்திநாத்துக்கு மறுபக்கத்துல இருந்து நடந்தே வர்றவங்களும் இருக்காங்க. அன்னபூர்ணா மலையைச் சுத்தி வந்து, 5,416 மீட்டர் உயர தோரங் கணவாயைத் தாண்டி இறங்குவாங்க. அதுக்கு முன்னால சுமார் 3,500 மீட்டர்ல மனாங்னு ஒரு ஊர். நல்லா நடக்கிற வாலிபப் பிள்ளைங்களே அங்கே ஒரு நாள் தங்குறாங்க. அன்னிக்கு முழுக்கப் படுத்தே கிடக்க மாட்டாங்க. கங்காபூர்ணா ஏரிக்கு மேல இருக்கிற மேட்டுல மெதுவா ஏறிப் பார்த்துட்டு, ராத்திரிக்கு மனாங்குக்கே வந்து படுப்பாங்க. உயரத்தைத் தொட்டுட்டுக் கீழே வந்து தூங்கினா உடம்பு பழகும். 2023 மே 23ஆம் தேதி நம்ம தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினாங்களே, அந்த மலைக்கும் இதே வழக்கம்தான். ஏறி, இறங்கி, தங்கி வாரக்கணக்குல ஆகும்.

எங்க குழுவுல வந்த ஒரு அக்கா ஜோம்சோம் போன அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டைத் தொடலை. கேட்டா பசியில்லைன்னாங்க. தலைவலியும் குமட்டலும் இருந்ததை மறுநாள்தான் சொன்னாங்க. சொன்னா விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயம்! நல்லவேளை, அது தங்குற நாள். கஞ்சி குடிச்சு ஓய்வெடுத்தாங்க, சாயங்காலம் தலைவலி விட்டுச்சு. நாங்க காலையில ஆத்தோரமா நடந்துட்டு வந்தோம். மத்தியானத்துக்குள்ள ரூமுக்குத் திரும்பிடணும், அதுக்கப்புறம் காத்து மண்ணை வாரி அடிக்கும். அடுத்த நாள் அந்த அக்காவும் எங்களோட வந்து 108 தாரையிலயும் தலை நனைச்சாங்க. அப்பா, அந்தக் குளிர்!

இன்னொன்னு நமக்குள்ளதான் பேச முடியும். வழியில பாத்ரூம் இருக்காதுன்னு நாம தண்ணியே குடிக்க மாட்டோம். அங்கே அப்படி இருக்காதீங்க. மேலே போனா சிறுநீர் அதிகம் போகும், அது உடம்பு பழகுற அறிகுறி. வெட்கப்படாம வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.

தலைவலி இருந்தா அது விடுற வரைக்கும் மேலே ஏறாதீங்க. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, நடை தள்ளாடினா, பேச்சு குழறினா ராத்திரின்னு பார்க்காம உடனே கீழே இறக்கணும். கோயில் அங்கேயேதான் இருக்கும்.

பேர் கொடுத்தவங்க எல்லாரும் கிளம்பறதுக்கு முன்னால டாக்டரைப் பார்த்துடுங்க. சுகர், பிபி, ஆஸ்துமா இருக்கிறவங்க மாத்திரைச் சீட்டோட அடுத்த கூட்டத்துக்கு வாங்க. தங்குற நாளுக்கான பணத்தையும் அன்னிக்கே பேசி முடிச்சிடலாம்.